ஞாயிறும் ஒத்துவர வேண்டும். காற்றும் ஒத்துவர வேண்டும்!

பட்டாசுத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வெகு காலமாக இருந்துவரும் வழக்கம் இது. அந்த ஒரு நாளில்தான் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். கறி எடுக்க வேண்டும். உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்த் தலைகாட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவே மனத்துக்குப் பிடித்த பொழுதுபோக்குக்கும் ஒரு மூலை தேட வேண்டும்!

ஒருவருக்குப் புறா மேல் ஆசை. இன்னொருவருக்குப் பட்டம். பையன்களுக்கு வற்றிய கண்மாயில் கிரிக்கெட். சிலருக்கு மேற்கே தெரியும் மலைமேல் ஏறினால்தான் தூக்கம் வரும். வேறு சிலர், துணிக் குடையை விரித்துக்கொண்டு மலை உச்சியிலிருந்து ஆகாயத்தில் மிதக்கும் 'பாராகிளைடிங்' என்ற விளையாட்டைச் செல்போனில் பார்த்துவிட்டு, "ஒரு தடவையாவது பறந்து பார்த்துவிட வேண்டும்" என்று பணம் சேர்க்கிறார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால், வானம் கிழமை பார்த்தா வெளுக்கிறது?

வெயில் போட்ட சோறு

விருதுநகர் மாவட்டத்து ஜனங்கள் வெயிலைத் திட்டுவார்கள். ஆனால் வெயிலை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மழை குறைந்த சீமை என்பதால்தான் தீப்பெட்டித் தொழில் இங்கே காலூன்றியது. 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தார்கள். பிறகு பட்டாசு வந்தது. அச்சகமும் வந்தது. மருந்து காய, திரி காய, மத்தாப்புக் கம்பி காய வெயில்தான் துணை. தீபாவளிக்கான சரக்கு மும்முரமாக உருவாவதும் இந்த வெயில் மாதங்களில்தான்.

அந்த வெயிலே மாலையில் குணம் மாறிவிடுவதுதான் வேடிக்கை. மார்ச் முதல் மே வரை கோடை. மே முதல் வாரத்தில் தொடங்கும் அக்கினி நட்சத்திரத்தில் அதன் உக்கிரம் சொல்லி முடியாது. அந்த நாட்களில் காலை ஆறு மணிக்கு ஆகாயம் துடைத்து வைத்த பித்தளைத் தாம்பாளம் மாதிரி இருக்கும். இலை அசையாது. பதினொரு மணிக்குக் கரிசல் மண் அடுப்பாகக் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணின் மேலிருக்கும் காற்று சூடேறி, இலேசாகி, குபீரென்று மேலே கிளம்பும். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் சருகையும் தூசியையும் சுருட்டிக்கொண்டு சுழன்று வரும் சூறைக்காற்றைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிமார்கள் அதைப் பேய்க்காற்று என்பார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மேலே ஏறும் வெப்பக் காற்றின் அடிக்கால் அது!

அந்தக் காற்று உயரே போய்க் குளிர்ந்து மேகமாகும். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கு மலை உச்சியில் பஞ்சுப் பொதி போல் ஏதோ தெரியும். நாலரை மணிக்கு அதுவே கரும் கோபுரம். ஐந்து மணிக்கு இடி, மின்னல், புழுதி, மழை. சில நாட்களில் இவை எல்லாம் நடக்கும். சில நாட்களில் ஒன்றுமே நடக்காது. எந்த நாளில் எது என்பதைக் காலையிலேயே அடித்துச் சொல்ல யாராலும் முடியாது.

மொட்டை மாடிப் புறாக்கள்

இந்தக் கணக்கை முதலில் கற்றுக்கொண்டவர்கள் புறா வளர்ப்பவர்கள்தாம். ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடும் கர்ணப் புறாவும், எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்குத் திரும்பும் 'ஹோமர்' புறாவும் தென்மாவட்டங்களில் பலருக்கு உயிர். கம்பும் சோளமும் போட்டு, மாதக்கணக்கில் பழக்கி, முதலில் பக்கத்துத் தெரு, பிறகு பக்கத்து ஊர், பிறகு பக்கத்து மாவட்டம் என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

பழகிய கை விடியற்காலையில்தான் கூண்டைத் திறக்கும். வெயில் ஏறிவிட்டால் பறவை நாக்கு வறண்டு களைத்துப் போகும். வல்லூறும் அந்த நேரத்தில்தான் உயரத்தில் வட்டமிடத் தொடங்கும். மாலையில் விடலாமென்றால் மழைக்காற்று. பத்தே நிமிடம் அடித்து ஓய்கிற காற்று, ஆறு மாதம் வளர்த்த ஜோடியை எங்கோ அள்ளிக்கொண்டு போய்விடும். விளக்கு வைத்த பிறகும் மாடியில் நின்று வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் எதுவும் கேட்கக் கூடாது. வீட்டில் உள்ளவர்களே கேட்க மாட்டார்கள்.

இறங்க முடியாத குடை

இனி பாராகிளைடிங்குக்கு வருவோம். இதில் எஞ்சின் கிடையாது. இரண்டு அடுக்குத் துணி. இடையே அறை அறையாகத் தைத்திருப்பார்கள். காற்று உள்ளே புகுந்ததும் துணி புடைத்து இறக்கையாகிவிடும். காற்று அமைதியாக இருந்தால் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வீதம் இறங்கிக்கொண்டே வரும். மேலே ஏறுவதற்கு ஒரே வழி, பருந்து செய்வதுதான். பருந்து சிறகை அசைக்காமல் வட்டமிட்டு உயருகிறதே, அது வெப்பக் காற்றுத் தூணில் ஏறும் வித்தை. தேர்ந்த வீரர்கள் நடுப்பகலில் அந்தத் தூணைத் தேடிப் பிடித்து, வட்டமிட்டு ஏறி, பல கிலோமீட்டர் தூரம் போவார்கள். புதிதாகப் பழகுகிறவர்களை நடுப்பகலில் விடமாட்டார்கள். அவர்களுக்குக் காலையும் மாலையும்தான்.

தூக்கிவிடும் காற்றே ஆளை விழுங்கவும் செய்யும். 2007 பிப்ரவரி 14-ம் தேதி ஆஸ்திரேலியாவில் மனில்லா என்ற ஊருக்கு அருகே நடந்ததைக் கேளுங்கள். உலகப் போட்டிக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஜெர்மன் வீராங்கனை ஈவா விஸ்னியர்ஸ்காவை ஓர் இடிமேகம் உள்ளே இழுத்துக்கொண்டது. விநாடிக்கு ஒரு மீட்டர் இறங்கும் குடையை, விநாடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் மேகம் மேலே உறிஞ்சினால் என்ன செய்ய முடியும்? 9,946 மீட்டர் உயரம் போய்விட்டார். எவரெஸ்டைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல்! பிராணவாயு போதாமல் நினைவிழந்தார். உடை உறைந்து பனிக்கட்டியாயிற்று. நினைவு திரும்பியபோது குடை அவரைச் சுமந்துகொண்டு பறந்தபடியே இருந்தது. சுமார் அறுபது கிலோமீட்டர் தள்ளி உயிரோடு தரை இறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஒருவர் உயிருடன் திரும்பவில்லை.

அவர்கள் இருவரும் கற்றுக்குட்டிகள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் மலைக்குக் குறைவில்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள காடு 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே குடையோடு போய் நிற்க முடியாது. ஆசை உள்ளவர்கள் கம்பம், குமுளி வழியாகக் கேரளத்து வாகமண் செல்லலாம். 2024 மார்ச்சில் அங்கே சர்வதேசப் பாராகிளைடிங் விழாவே நடந்தது. வடக்கே போனால் ஏலகிரி. இன்னும் வடக்கே, 2015-ல் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இமாசலத்துப் பீர்-பில்லிங். இமாசலத்தில் மழைக்காலமான ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை இந்த விளையாட்டுக்கே தடை. பழகாத ஆளை முன்னே கட்டிக்கொண்டு பைலட் பின்னால் அமர்ந்து ஓட்டும் இரட்டைக் குடையும் உண்டு.

சிவகாசியிலிருந்து லீவு போட்டு, பஸ் ஏறி, பணம் கட்டி, உச்சியில் போய் நிற்கும்போது, "காற்று அதிகம்; இன்றைக்கு இல்லை" என்று பைலட் கையை விரித்தால் வயிறு எரியத்தான் செய்யும். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று வீசினால் நல்ல பைலட் பெரும்பாலும் குடையை விரிக்கமாட்டார். அவரோடு சண்டை போடாதீர்கள். காற்றுப்பை படபடவென்று அடித்துக்கொள்ளும்போதும் "வாங்க, பார்த்துக்கலாம்" என்று கூப்பிடுகிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மலையும் அப்படித்தான்

மலை ஏறுகிறவர்களுக்குத் தரையிலேயே அபாயம். 2015 மே மாதம் அமாவாசையை ஒட்டிச் சதுரகிரிக்குப் போனவர்களை ஓடையில் வந்த திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது, பலர் உயிரிழந்தனர். தாணிப்பாறை அடிவாரத்தில் ஒரு துளி விழாமல் இருக்கலாம்; மேலே கொட்டிய மழை கீழே சுவராக வந்து நிற்கும். மூன்றாண்டு கழித்து, 2018 மார்ச் 11-ம் தேதி, அண்டை மாவட்டமான தேனியில் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பற்றிய தீயைக் காற்று விசிறிவிட்டது. மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மழை பெய்தால் ஓடை, பெய்யாவிட்டால் தீ என்பதுதான் கோடை மலையின் சுபாவம். மழைக் குறி தெரிந்தால் வனத்துறை பாதையை மூடுகிறது என்று குறைபட்டுக்கொள்பவர்கள் இந்த இரண்டு வருஷங்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் பட்டாசுத் தொழிலாளிக்கு இந்தப் பாடம் புதிதல்ல. இடி மின்னல் நெருங்குவது தெரிந்தால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, மருந்து அறையை விட்டு எட்டப் போய்விட வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் விதி. துண்டுக் கூலிக்கு வேலை செய்கிறவருக்கு நின்ற ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். ஆனாலும் வெளியே வந்து வேப்பமரத்தைத் தவிர்த்து வேறு இடம் பார்த்து நிற்கிறார்கள். வார நாளில் கூலியை விட்டு எழுந்திருக்கத் தெரிந்தவர், ஞாயிற்றுக்கிழமையில் பொழுதுபோக்கை விட்டு எழுந்திருக்கத் தயங்குகிறார். "ஒரு நாள்தானே லீவு!" என்ற எண்ணம்தான் அங்கே காலைப் பிடித்து இழுக்கிறது.

இப்போது வானிலைத் துறை, அடுத்த மூன்று மணி நேரத்தில் எந்த மாவட்டத்தில் இடி மழை வரும் என்று அறிவிக்கிறது. மின்னல் எங்கே விழுகிறது என்று காட்டும் 'தாமினி' என்ற செயலியும் செல்போனில் இருக்கிறது. ஞாயிறு காலைக்குள் முக்கியமானதை முடித்துக்கொண்டு, மூன்று மணிக்கு மேல் மேற்கே ஒரு கண் வைத்திருப்பவருக்கு இவை பெரிய உதவி. எண்ணெய்க் குளியலை மாலைக்குத் தள்ளிவைக்கலாம்; மழை வந்தாலும் அது நடக்கும்.

பாவம், பட்டம் விடும் பையன்கள்தாம். மே முழுவதும் பள்ளிக்கூடம் லீவு. காகிதம் ஒட்டி, வால் கட்டி, கண்ணாடித் தூள் பூசாத வெறும் நூலோடு மாடியில் காத்திருப்பார்கள். காலையில் காற்றே இராது. மாலையில் வந்தால் இடியோடு வரும். கண்மாயில் கிரிக்கெட் ஆடலாமென்றால் ஒரே மழையில் ஆடுகளம் சேறாகிவிடும். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி, ஒரே சீராக, பட்டத்தை நிறுத்தி வைக்கும் அருமையான மேல்காற்று வந்து சேருவதற்குள் ஜூன் பிறந்துவிடும்.

அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும்! சாயங்காலம் மணி அடித்ததும் பையை வீசிவிட்டு மாடிக்கு ஓடுகிறார்கள். இருட்டுவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.