ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!

ஷெட்டுக்குள் தூங்குவது பழைய இரும்பா, பாட்டன் சொத்தா?

மெக்கானிக் ஷெட் என்றால் என்ன இருக்கும்? கிரீஸ் அப்பிய தரை. சுவரில் ஆணி அடித்து மாட்டிய ஸ்பேனர் வரிசை. போன வருஷத்துக் காலண்டர். எந்த வண்டியோடது என்று யாருக்குமே தெரியாத ஒரு கியர் பாக்ஸ். பின்பக்கம் புளியமரத்தடியில் நாலு டயரும் மண்ணில் புதைந்து, டிக்கியில் கோழி அடைகாக்கும் ஓர் அம்பாஸடர்.

"இதெல்லாம் ஒரு சொத்தா ஸார்?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒரு சேதி. இந்த மாதிரி ஒரு பட்டிக்காட்டு ஷெட்டை 2013-ல் ஏலம் விட்டார்கள். இரண்டே நாளில் வசூல் சுமார் 28 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய பதினேழரைக் கோடி ரூபாய்!

அடேங்கப்பா என்று வாயைப் பிளப்பதற்கு முன்னால் கதையை முழுசாகக் கேளுங்கள்.

தள்ளுபடியே தராத முதலாளி

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம். சோளக்காட்டு நடுவே பியர்ஸ் என்று ஒரு சின்ன ஊர். மொத்த ஜனத்தொகையே சுமார் 1,800. இங்கே 1946-ல் ராய் லாம்ப்ரெக்ட் என்பவர் செவர்லே கார் விற்கும் கடையும் ஒர்க் ஷாப்பும் ஆரம்பித்தார். கூடவே கணக்கு வழக்கு பார்த்தவர் மனைவி மில்ட்ரெட்.

ராயிடம் ஒரு விசித்திரக் குணம். எடுத்த எடுப்பிலேயே தன்னால் முடிந்த குறைந்த விலையைச் சொல்லிவிடுவார். பேரம் கிடையாது. வருஷக் கடைசியில் விற்காமல் நின்ற புது வண்டிகளை மற்றவர்கள் தள்ளுபடி போட்டுத் தள்ளிவிடுவார்கள் அல்லவா? இவர் மாட்டார். ஓரமாக நிறுத்திக் கதவைச் சாத்திவிடுவார். மாற்றுக்கு வந்த பழைய வண்டிகளோ நேராகத் தோட்டத்துக்குப் போய் மரத்தடியில் நிற்கும்.

இப்படியே ஐம்பது வருஷம். 1996-ல் ஷட்டரை இறக்கியபோது சேர்ந்திருந்தது ஏறக்குறைய 500 வண்டி! அதில் சுமார் 50 வண்டிகள் இருபது மைல்கூட ஓடாதவை.

அப்புறம் பதினேழு வருஷம் எல்லாம் சும்மா கிடந்தது. கூரை பழுதாயிற்று. தோட்டத்து வண்டிகளில் மரமே முளைத்து விட்டது. ராய்க்கு வயசு 95, மில்ட்ரெட்டுக்கு 92. இனிமேல் தாங்காது என்று குடும்பம் ஏலத்துக்குச் சம்மதித்தது. 2013 செப்டம்பர் 28, 29 தேதிகளில் அந்தக் குட்டி ஊரில் பத்தாயிரம் பேருக்கு மேல் கூட்டம். டெலிவிஷன்காரர்கள் வேறு!

1958-ம் வருஷத்து செவர்லே கேமியோ பிக்கப் ஒன்று. மேல்கூரை நசுங்கி, முன் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. ஓடியிருந்த தூரம் 1.3 மைல். அதாவது ரெண்டு கிலோமீட்டர். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கிளம்பினால் கெலவரப்பள்ளி அணைக்குப் பாதி வழிகூட வராது. போன விலை 1,40,000 டாலர். சுமார் 87 லட்சம் ரூபாய்! பதினொன்றரை மைல்கூட ஓடாத 1963 இம்பாலா ஒன்று 97,500 டாலர்.

கவனியுங்கள். யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. பாலீஷ் போடவில்லை. தூசியோடு தூசியாகத்தான் விற்றார்கள். வாங்கியவர்கள் காசு கொடுத்தது அந்தத் தூசிக்கும் சேர்த்துத்தான். 'இதை யாரும் தொடவில்லை' என்பதற்கு அதுதானே சாட்சி!

வார இதழ் செய்த உதவி

பிரான்ஸில் இதைவிடப் பெரிய கூத்து. ரோஜே பையோன் என்று ஒரு டிரான்ஸ்போர்ட் முதலாளி. லாரி ஓட்டிச் சம்பாதித்த பணத்தில் 1950-களிலிருந்து பழைய கார்களாக வாங்கிச் சேர்த்தார். மியூஸியம் வைக்க ஆசை. 1970-களில் தொழில் படுத்துவிட்டது. கொஞ்சம் கார்களை விற்றார். மீதி தகரக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது.

2014-ல் ஏலக் கம்பெனிக்காரர்கள் போய்ப் பார்த்தபோது, ஒரு கராஜில் பழைய பத்திரிகைக் குவியலுக்கு அடியில் ஒரு ஃபெராரி! ஒரு காலத்தில் நடிகர் அலென் தெலோன் வைத்திருந்த வண்டி. 2015 பிப்ரவரி 6-ம் தேதி பாரிஸ் ஏலத்தில் அந்த ஒரு கார் மட்டும் 1 கோடியே 63 லட்சம் யூரோ. 59 வண்டிகளும் சேர்ந்து இரண்டரைக் கோடி யூரோவைத் தாண்டியது.

ஆகவே வாசகர்களே... பழைய வார இதழ்களை எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். அடியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து விடுங்கள்!

கெலவரப்பள்ளிப் பக்கம்

சரி, நம்ம ஊர் என்ன குறைச்சல்? ஓசூரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கெலவரப்பள்ளி. நந்தி மலையில் பிறந்து கர்நாடகத்திலிருந்து வரும் தென்பெண்ணையை மறித்துக் கட்டிய அணை. நீர்மட்டம் 44.28 அடி. மழைக்காலத்தில் பெங்களூர்க் கழிவு கலந்து வெள்ளை நுரை பொங்கும்போது மட்டும் பேப்பரில் போட்டோ வரும்.

ஆனால் இந்த வட்டாரத்தின் உண்மையான அடையாளம் சக்கரம். 1980-ல் ஓசூரில் டி.வி.எஸ். 50 பிறந்தது. அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் அதே காலத்தில் வந்தது. பெங்களூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே ஹைவேயில் லாரி நிற்கிற இடமெல்லாம் பட்டறை. டிங்கர், வெல்டர், எலெக்ட்ரீஷியன், பஞ்சர் கடை என்று பத்தடிக்கு ஒரு தொழில்.

இப்போது அந்தப் பழைய ஷெட்களின் நிலைமை? வண்டியெல்லாம் கம்ப்யூட்டர் வைத்து வருகிறது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போகிறது. பையன் சிப்காட்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ வேலைக்குப் போகிறான். ஷெட் நிற்கிற நிலத்துக்குத்தான் விலை. உள்ளே நிற்கிற வண்டிகளை யாரும் எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் காயலான் கடைக்காரர் தராசோடு வருவார். அவ்வளவுதான், ஐம்பது வருஷம் கிலோ கணக்கில் லாரி ஏறிவிடும்.

இங்கே ஓர் ஏலம் நடந்தால் அதுவே ஒரு வேடிக்கை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர். "ஒரு தரம்" என்று ஒருத்தர் ஆரம்பித்தால் "ரெண்டோ சாரி" என்று தெலுங்கில் ஒருத்தர் தொடர்வார். மூன்றாவது தரத்தைக் கன்னடத்தில் முடித்து வண்டியை அத்திப்பள்ளிக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்!

வண்டலூரில் நடந்தது

நமக்கு இது புதிதல்ல. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியை அந்தக் காலத்து மனிதர்கள் மறக்க மாட்டார்கள். 1960-களில் ஹெரால்டு, 1970-களில் கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000. ஹெரால்டு வைத்திருந்த டாக்டர் தெருவுக்கே ராஜா. 1988-ல் உற்பத்தி நின்றுபோனது.

பிறகு பல வருஷம் கோர்ட், கேஸ். 2006-ல் ஆலை வளாகம் விற்கப்பட்டது. மிச்சமிருந்த ஸ்பேர் பார்ட்ஸ் என்னாயிற்று தெரியுமா? கப்பலேறி பிரிட்டனுக்குப் போயிற்று! ஹெரால்டு அடிப்படையில் அங்கே பிறந்த டிரையம்ப் வண்டிதானே. அந்த ஊரில் பழைய டிரையம்ப் ஓட்டுகிறவர்கள் பார்ட்ஸ் கிடைக்காமல் தவித்துக் கொண்டிருந்தார்கள். நமக்கு இரும்பு, அவர்களுக்குத் தங்கம்.

பெயருக்குக்கூட விலை உண்டு. 2014-ல் அம்பாஸடர் உற்பத்தி நின்றது. 2017-ல் 'அம்பாஸடர்' என்ற பெயரை மட்டும் பிரெஞ்சு பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. காரில்லை, கதவில்லை, ஹாரன்கூட இல்லை... பெயர் மட்டும்!

கிலோவா, தலைக்கு இவ்வளவா?

ஷெட்டை மூடுகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, "மொத்தமா எவ்வளவுப்பா தர்றே?" என்று கேட்பது. மொத்தமாகக் கொடுத்தால் இரும்பு விலை. தனித்தனியாகக் கொடுத்தால் பொருள் விலை. பியர்ஸ் ஏலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் தனி நம்பர். தோட்டத்தில் மட்கிக் கிடந்தவை கொஞ்சப் பணத்துக்குப் போயின. பெரிய விலைக்குப் போனவை அந்த ஓடாத வண்டிகள்தான். எல்லாவற்றையும் ஒரே குவியலாக விற்றிருந்தால் கேமியோவும் பழைய இரும்பாகத்தான் போயிருக்கும்.

எனவே முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். லேத், கம்ப்ரஸர், செயின் பிளாக், வைஸ் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். வண்டியென்றால் என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர். பிரிக்காத பழைய பார்ட்ஸ் டப்பா இருந்தால் பிரிக்காதீர்கள். அந்தக் காலத்து எனாமல் போர்டு, ஆயில் டின், பெட்ரோல் கேன் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இவற்றையெல்லாம் தேடிப் பிடித்து வாங்குகிற ஜாதி ஒன்று இருக்கிறது.

அடுத்து, ஷெட்டில் நிற்கிற வண்டியெல்லாம் ஷெட்காரருடையதல்ல! ரிப்பேருக்கு விட்டுவிட்டுப் போன கஸ்டமர் பத்து வருஷமாக வரவில்லையா? 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவுப்படி, ரிப்பேர் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பிரிவு விற்கிற உரிமையைத் தரவில்லை. நோட்டீஸ் அனுப்பி, வக்கீலைப் பார்த்து, வழி தேட வேண்டும். இல்லையென்றால் ஏலம் முடிந்த மறுநாள் கஸ்டமர் வந்து நிற்பார். பத்து வருஷம் வராதவர் அன்றைக்குக் கரெக்டாக வருவார்!

காகிதம்தான் கார்

ஏலம் கேட்கப் போகிற இளைஞர்களுக்கு இனிச் சில வார்த்தைகள். முதல் சம்பளத்தில் புல்லட், ரெண்டாவது இன்கிரிமென்ட்டில் பத்மினி என்று கனவு காண்கிறவர்கள் கவனிக்கவும்.

1. வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி. புக்கைப் பாருங்கள். சேஸிஸ் நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் ஓசி என்றாலும் வேண்டாம்.

2. சாதாரண விற்பனைக்கு 29, 30-ம் படிவங்கள். சொந்தக்காரர் இறந்துபோயிருந்தால் வாரிசு 31-ம் படிவத்தில் முதலில் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அரசாங்கம் நடத்தும் ஏலத்தில் எடுத்தால் 32-ம் படிவம். மதுவிலக்கு வழக்கில் பிடிபட்ட வண்டிகளை போலீஸ் ஏலம் விடுகிறார்களே, அதெல்லாம் இந்தக் கணக்கு.

3. எல்லையோரத் தலைவலி ஒன்று. கே.ஏ. நம்பர் வண்டியை வாங்கித் தமிழ்நாட்டில் வைத்துக்கொள்வதென்றால் அங்கிருந்து என்.ஓ.சி. (28-ம் படிவம்) வாங்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் இங்கத்திய நம்பர் கட்டாயம். வரி தனி.

4. வண்டிக்கு ஐம்பது வயசு தாண்டிவிட்டதா? 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத சொந்த உபயோக டூ வீலர், கார்களை 'வின்டேஜ்' என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அதில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம்.

5. ஏலத்துக்குப் போகும்போது உச்சவரம்பு ஒன்றை வீட்டிலேயே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஆள் மீசையை முறுக்கினாலும் அதைத் தாண்டாதீர்கள். வாங்குகிற விலை பாதிதான். மீதிப் பாதி புதுப்பேட்டையில் பார்ட்ஸ் தேடி அலையும்போது தெரியும். கல்யாணமானவர்கள் அந்தச் சீட்டில் மனைவியின் கையெழுத்தும் வாங்கிவிடுவது நல்லது!

ஏலம் போகாத ஒன்று

எல்லாவற்றையும் விற்றுத்தான் ஆக வேண்டுமா என்றால், இல்லை. கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் பழைய கார்களையெல்லாம் பாதுகாத்து மியூஸியமே வைத்திருக்கிறார்கள். எல்லாராலும் அது முடியாதுதான். ஆனால் ஒரே ஒரு வண்டியைத் துடைத்து வைக்க எல்லாராலும் முடியும். வீட்டில் 1980-ம் வருஷத்து டி.வி.எஸ். 50 இருக்கிறதா? 2030-ல் அதற்கும் ஐம்பது வயசு. பார்த்து வையுங்கள்!

ஷெட்டில் விலைமதிப்பான இன்னொரு சரக்கும் உண்டு. அதற்கு நம்பர் ஒட்ட முடியாது. ஓடுகிற என்ஜின் மீது ஸ்குரூ டிரைவரை வைத்து, மரப் பிடியில் காதைக் கொடுத்து, "டேப்பட் அடிக்குதுய்யா" என்று சொல்கிறாரே மெக்கானிக், அந்தக் காது. கார்புரேட்டரைக் கழற்றாமலே குறையைச் சொல்கிற அந்த மூக்கு. அறுபது எழுபது வயசில் ஷெட்டைப் பூட்டிவிட்டு அவர் திண்ணையில் உட்கார்ந்தால், அந்த வித்தையும் கூடவே உட்கார்ந்துவிடும். எந்த எலம் போர்டிலும் அது வராது.

வண்டி வாங்கப் போகிறவர்கள் அந்தப் பெரியவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "இந்த வண்டி எங்கே முரண்டு பிடிக்கும் ஐயா?" என்று கேட்டு, சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விற்கிறவர் வீட்டுப் பிள்ளைகளும் அதைச் செய்யலாம். வண்டி கைமாறினாலும் வித்தை வீட்டில் இருக்கும்.

மூணு தரம் சொல்லிச் சுத்தியலைத் தட்டிவிட்டால், நாலாவது தரம் என்று ஒன்று கிடையாது ஸார்!