டீ கொஞ்சம் காத்திருக்கட்டும்

தமிழ்நாட்டுப் பெண்களின் ரத்தசோகையைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு நேராக முருங்கைக்கீரைக்குப் போய்விடுகிறது. அதற்கு முன்னால் டீயைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். எல்லோருக்கும் டிபன் எடுத்துவைத்து, பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு, பத்து மணிவாக்கில் ஆறிப்போன இரண்டு தோசையை ஒரு டம்ளர் டீயோடு விழுங்கும் அம்மாக்கள் வீதிக்கு வீதி உண்டு. அந்தத் தோசையில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் தடுப்பது அந்த டம்ளர்தான்.

தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975-ல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சோறு, உருளைக்கிழங்கு-வெங்காய சூப் என்று நமக்கு அந்நியமில்லாத சாப்பாடுதான். கூடவே தேநீர் குடித்தவர்களின் குடல் இரும்பை மிகக் குறைவாகவே உறிஞ்சியது. தேயிலையின் டானின் இரும்போடு சேர்ந்து கரையாத கூட்டுப்பொருளாகிவிடுகிறது. கரையாததைக் குடல் எடுத்துக்கொள்ளாது. பால் ஊற்றினால் சரியாகிவிடுமா? 1999-ல் வெளியான இன்னொரு ஆய்வு, பாலால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்றது. ஆனால் டீயை விட்டுவிடச் சொல்லி யாரும் பயப்படுத்தத் தேவையில்லை. பிரிட்டனில் பெண்களிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது பாதிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது.

இரும்பு விஷயத்தில் உடம்பு மகா சிக்கனம். ரத்தச் சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். அது அழிந்ததும் அதிலிருக்கும் இரும்பை எடுத்து அடுத்த அணுவுக்குக் கொடுத்துவிடும். தினமும் வெளியிலிருந்து வேண்டியது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மாதவிடாய் இந்தக் கணக்கில் மாதாமாதம் ஒரு செலவு வைக்கிறது. கர்ப்பமோ பெரிய செலவு: குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும், தாயின் உடலில் பெருகும் ரத்தத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 1,000 மில்லிகிராம். கையிருப்பு இல்லாமல் கர்ப்பமாகும் பெண் அதைத் தன் உடம்பிலிருந்துதான் கொடுக்கிறாள்.

15 முதல் 49 வயது வரையிலான தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. விரல்நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தை வைத்துச் செய்யும் சோதனை துல்லியமானதா என்ற விவாதம் நிபுணர்களிடையே இருக்கிறது. கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் மிஞ்சுவது சின்ன எண் அல்ல. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே என்றால் சோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, கிறுகிறுப்பு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வீட்டில் 'வேலை அலுப்பு' என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். பச்சரிசியை மென்றுகொண்டே இருப்பது, சிலேட்டுக் குச்சியைத் தின்பது போன்றவையும் இரும்புக்குறைவின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு நாம் கொடுக்கும் வைத்தியம் பெரும்பாலும் திட்டுதான்.

மாவுக்கட்டுப் போல முகப்பூச்சும், வாசனை எண்ணெயும், வார இறுதி மசாஜும் 'தாய்மார்களுக்கான சுயபராமரிப்பு' என்று விற்கப்படுகின்றன. வேண்டாம் என்பதற்கில்லை. ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு அவற்றைவிட எவ்வளவோ குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதுவும் இல்லை.

கர்ப்பிணிகளின் சோகையை உணவோடு சேர்த்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1928-ல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் வரும் ஒருவகைக் கடும் சோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கும் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவருடைய வேலை தொடர்ந்தது. கடைசியில் அந்தச் சோகையைத் தீர்த்தது, ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மலிவான 'மார்மைட்' என்ற ரொட்டித் தடவல். அதிலிருந்த மருந்துப்பொருள் ஃபோலிக் அமிலம் என்பது பின்னால் தெரியவந்தது. இன்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு அதுவும் இருக்கிறது.

சாப்பாட்டில் எது உதவும்? அசைவக்காரர்களுக்குப் பதில் கறிக்கடையிலேயே கிடைக்கும். 'ரத்தம் ஊறும்' என்று பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தில் விஷயம் இருக்கிறது. சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல், பழைய சிவப்பணுக்களை உடைக்கும் உறுப்பு. அதனால் 100 கிராமில் 40 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு கிடக்கிறது. மாமிச இரும்பைக் குடலும் சுலபமாக ஏற்கும். கீரை, பருப்பு, கேழ்வரகு இரும்புக்கு வைட்டமின் சி துணை வேண்டும்: கீரை மசியலில் எலுமிச்சை பிழியலாம், பக்கத்தில் நெல்லிக்காய் வைக்கலாம். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியின் இரும்பும் கொஞ்சம் குழம்பில் இறங்கும். எத்தியோப்பியாவில் இரும்புப் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு, அலுமினியப் பாத்திரக் குழந்தைகளைவிட ஹீமோகுளோபின் கூடியதாக 1999-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது.

பழைய சோற்றில் இரவோடு இரவாக இரும்பு பல மடங்கு பெருகுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்ப வேண்டாம். இரும்பு ஒரு தனிமம். எந்த பாக்டீரியாவாலும் அதைப் புதிதாக உண்டாக்க முடியாது. புளிக்கவைப்பதால், இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறைந்து, இருப்பது கூடுதலாகச் சேரும். இட்லி, தோசை மாவுக்கும் அதே நன்மை உண்டு.

சோகை வந்துவிட்டால் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். வயிற்றைப் புரட்டும், மலச்சிக்கல் வரும், மலம் கறுக்கும். பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2017-ல் சொன்னது இங்கே உதவலாம். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, மறுநாள் மாத்திரைக்குக் குடல் கதவைப் பாதி சாத்திவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்களுக்கு, ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு சேர்ந்தது. அவர்கள் இரும்பு குறைந்த, ஆனால் சோகையில்லாத இளம்பெண்கள். கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக அளவை மாற்றக் கூடாது, மருத்துவரைக் கேட்க வேண்டும். தலசீமியா உள்ள குடும்பங்களும் அப்படியே.

கர்ப்பத்தில் 180 நாள் மாத்திரை என்பது பலருக்குத் தெரியும். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் உண்டு என்பதுதான் மறந்துபோகிறது. அந்த நேரத்தில் வீடு முழுக்கக் குழந்தையின் தடுப்பூசித் தேதியை நினைவு வைத்திருக்கும். தாயின் மாத்திரைக்கும் அதே நாள்காட்டியில் கணவரோ மாமியாரோ ஒரு குறி போட்டு வைக்கலாம். பத்து வயது தாண்டிய மகள் இருந்தால், பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, பையிலேயே வைத்துக்கொண்டு வருகிறாளா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.