பழைய தொம்பையை மராமத்துச் செய்யும் முறை

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றாகிய தேவனூர் நாட்டில், வீட்டு முற்றத்தின் ஓரமாகக் கற்களின்மேல் நிற்கும் தானியத் தொம்பையை அங்கத்தினர்கள் யாவரும் அறிவர். மரச்சட்டம் கூட்டி, மூங்கிற் பிளாச்சுகளால் படல் பின்னி, செம்மண்ணும் சாணமும் குழைத்து உள்ளும் புறமும் பூசி, மேலே புல் வேய்ந்து அமைத்த இச்சிறு களஞ்சியத்தில் நம் முன்னோர் சாமையும் தினையும் கேழ்வரகும் பல வருஷம் கெடாமல் வைத்திருந்தனர். இப்போது அநேகம் தொம்பைகள் வெறுமையாய் நிற்கின்றன. சிலவற்றில் கோழி அடைகிறது. சிலவற்றில் விறகு அடுக்கியிருக்கிறது. சில ஒரு பக்கமாகச் சாய்ந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கின்றன. இவற்றைப் பிரித்து அடுப்பிற்கு இடுவதா, மராமத்துச் செய்வதா என்று சங்கக் கூட்டத்தில் அங்கத்தினர் சிலர் வினவினர். சட்டத்தில் பாதிக்குமேல் நல்ல மரமாயிருந்தால் மராமத்தே லாபம் என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணத்தையும் முறையையும் இங்கே எழுதுகிறேன்.

தொம்பைகள் வெறுமையானதற்குக் காரணம் யாவருக்கும் தெரிந்ததே. மலைக்குப் பாதை வந்தபின், சேலம், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு வேண்டிய மரவள்ளிக்கிழங்கு சாமைக் காடுகளில் ஏறிற்று. ரேஷன் கடையில் அரிசியும் கிடைக்கலாயிற்று. மரவள்ளியை நான் குறை கூறவில்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவும் வைத்தியச் செலவும் பெரும்பாலும் அதனால்தான் நடைபெறுகின்றன. ஆயினும் ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. மரவள்ளிக்குக் குச்சி போதும். அண்டை வீட்டிலிருந்தும் வாங்கி நடலாம். சாமைக்கு வருஷந்தோறும் முளைக்கும் விதை வேண்டும். கட்டவெட்டிச் சாமையும் சடஞ்சாமையும் மல்லியச் சாமையும் சுருட்டைக் கேழ்வரகும் கீழ்நாட்டு விதைக் கடைகளில் கிடைப்பன அல்ல. ஓர் ஊரில் ஒரு வருஷம் அவ்விதை கெட்டுப்போனால், அடுத்த ஊரில் யாரேனும் வைத்திருந்தாலன்றி அந்த ரகம் அவ்வூருக்கு மீளாது. 1988-ஆம் வருஷத்தில் சென்னையில் ஏற்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-க்குப் பின் இம்மலையில் வேலை செய்தபோது, பழைய தொம்பைகளைச் செப்பனிட்டு ஊர்ப்பொது விதைச்சேமிப்பாக ஆக்கியது இதனாலேயே. 2023-ஆம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபையார் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடினர். பட்டணத்தார் இன்று சாமை அரிசியை விரும்பி வாங்குகின்றனர். விற்கச் சந்தை இருக்கும்போது விதை இல்லையென்று கைவிரிப்பது வருந்தத்தக்கதல்லவா?

முறையைச் சொல்லுமுன் என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு வீட்டுத் தொம்பையைப் பார்வையிட்டபோது, கால்கள் மண்ணில் புதைந்து உளுத்திருக்கக் கண்டேன். கால்களைச் சுற்றிச் சிமெண்டுக் கட்டிடம் எழுப்பவும், புற்கூரையை நீக்கித் தகரம் போடவும், சுவருக்குச் சிமெண்டு பூசவும் யோசனை கூறினேன். உறுதியான பொருள்களைக் கொண்டு செய்த வேலை உறுதியாயிருக்கும் என்றே எண்ணினேன். அவ்வீட்டார் என் பேச்சை நம்பிக் கடன் வாங்கிச் செய்தனர். ஐப்பசி மழைக்குப் பின் மறுபடி சென்றேன். அவ்வீட்டு மூதாட்டியார் என்னைத் தொம்பையின் உட்புறம் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். "ஐயா, முன்னே மழை பெய்தால் ஒழுகும். இப்போ மழை பெய்யாத நாளிலும் ஒழுகுது" என்றார். அவர் சொன்னது உண்மையே. பகலில் காய்ந்த தகரம் மலையின் இரவுக் குளிரில் திடீரென்று குளிர்ந்துவிடுகிறது. உள்ளே தானியத்தினின்று எழுந்த ஆவி அதன் அடியில் நீர்த்துளியாகிச் சாமையின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. சிமெண்டுப் பூச்சு அவ்வீரத்தை வெளியே விடவில்லை. மேற்சாமை பூசணம் பிடித்துக் கட்டியாகிவிட்டது. விதைப்புக் காலத்தில் அவ்வீட்டார் வேறு ஊரில் விதை கடன் வாங்க நேர்ந்தது. இரண்டாம் வருஷம் பார்க்கையில் சிமெண்டுக்குள் அடைபட்ட கால்களும் முன்னைவிட விரைவாக அழுகியிருந்தன. மரத்திற்கும் சிமெண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய பிளவில் இறங்கும் நீருக்கு வெளியேற வழியில்லை என்பதை அப்போதுதான் கற்றேன்.

ஆகையால் மராமத்தைக் காலிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலோர் கூரையிலிருந்து தொடங்குகின்றனர். அது கண்ணுக்குத் தெரிவதால். கூர்மையான உளியையோ பெரிய ஆணியையோ எடுத்து ஒவ்வொரு காலையும், தரையிலிருந்து ஒரு முழ உயரம்வரை, நாற்புறமும் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை சிறிதே ஏறும். உளுத்த மரத்தில் தாராளமாய் இறங்கும். சுத்தியலால் தட்டினால் உள் பொள்ளலான இடம் வேறு ஓசை தரும். கறையான் ஏறும் மண்கோடுகளையும் கவனியுங்கள். காலுக்கு மேலே கிடக்கும் அடிச்சட்டங்களையும் இவ்வாறே சோதியுங்கள். பிறகு தூக்குநூல் கட்டிச் சாய்வு எவ்வளவென்று அளந்து கரியால் குறித்து வையுங்கள். இச்சோதனைக்கு ஒரு காலைப்பொழுது போதும், செலவும் இல்லை.

வேலைக்கு மாசி, பங்குனி மாதங்கள் உகந்தவை. உள்ளிருக்கும் தானியத்தை ஒரு நல்ல வெயில் நாளில் எடுத்துக் காயவைத்துச் சாக்குகளில் கட்டி வீட்டுக்குள் பலகைமேல் வையுங்கள். நிறைந்த தொம்பையைத் தூக்க முயலவேண்டாம். வெறுந்தொம்பையைத் தூக்குவதிலும் அவசரம் கூடாது. மூலைக்கு ஒருவராக நால்வர் நின்று, கடப்பாறையால் நெம்பி, ஒரு மூலையை ஒரு விரற்கடை உயர்த்தி ஆப்பு வைத்து, பின் அடுத்த மூலைக்குப் போகவேண்டும். இவ்வாறு சுற்றிச் சுற்றி உயர்த்தினால் துளையும் கழுந்தும் விலகா. மண்பூச்சும் பெரிதாக வெடிக்காது. ஒரே மூலையை ஒரேயடியாக நெம்பியதால் நல்ல தொம்பையும் குலைந்து விழுந்ததைக் கண்டிருக்கிறேன்.

கால் முழுவதும் உளுத்திருந்தாலன்றி அதை முழுவதும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட பகுதியையும், அதற்குமேல் நல்ல மரத்தில் நாலு விரற்கடையையும் அறுத்து நீக்கி, அதே ஜாதி மரத்தில் புதுத்துண்டு ஒட்டலாம். இரண்டு மரத்தையும் பாதிப் பாதி கனத்துக்குச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, மர ஆணிகள் இரண்டோ மூன்றோ அடியுங்கள். ஒட்டின் நீளம் மரத்தின் கனத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கவேண்டும். குறைந்தால் பாரம் தாங்காது. இரும்பாணி ஈரத்தில் துருவேறி மரத்தைப் பிளக்கும். மரத்திற்கு நம் தோட்டத்துப் பலா மிகவும் ஏற்றது. கறையானை நன்கு எதிர்க்கும். வெள்ளைப் பகுதியை நீக்கி வைரத்தை மாத்திரம் உபயோகியுங்கள். பட்டாவில் நிற்கும் மரமாயினும் வெட்டுமுன் வன இலாகா அனுமதி வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மரத்திற்காக வழக்கில் அகப்பட்டு, அந்த அபராதத்திற்குச் சங்கத்தில் கடன் மனுச் செய்தவரும் உண்டு.

காலின் அடியில் மண் படவே கூடாது. தட்டையான கருங்கல்லைச் சற்று மேடாகப் பதித்து, அதன்மேல் காலை நிறுத்துங்கள். மழைநீர் கல்லைச் சுற்றித் தேங்காமல் ஓட வாய்க்கால் வெட்டுங்கள். காலின் தலைக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில், காலைவிட அகலமான இன்னொரு தட்டைக் கல்லை வைப்பதும் நன்று. எலி காலைப் பற்றி ஏறும். ஆனால் தலைகீழாகக் கல்லின் அடிப்புறத்தைக் கடந்து வர இயலாது. இங்கிலாந்து தேசத்துக் குடியானவர்கள் குடைக்காளான் வடிவில் கல் செதுக்கி அதன்மேல் களஞ்சியம் கட்டினர். ஸ்பெயின் தேசத்து வடபகுதியிலும் இப்படியே தட்டைக்கல் வைத்த மரக்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. நம்மைக் கண்டு அவர்களோ, அவர்களைக் கண்டு நாமோ செய்ததல்ல. எலி எங்கும் எலியே. அகன்ற கல் கிடைக்காவிடில் பழைய எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்ந்த புனலைப்போல் வளைத்துக் காலைச் சுற்றி இறுக்குங்கள். அது தரையிலிருந்து மூன்றடி உயரத்திலும், காலிலிருந்து முக்கால் அடிக்குக் குறையாமல் வெளியே நீட்டியும் இருக்கவேண்டும். தாழ்வாயிருந்தால் எலி குதித்துவிடும். கலப்பை, ஏணி முதலியவற்றைத் தொம்பையில் சார்த்திவைத்தால் இவ்வேலை யாவும் வீண்.

படலில் ஒடிந்த பிளாச்சுகளை மாத்திரம் மாற்றுங்கள். மூன்று நாலு வருஷம் முற்றிய மூங்கிலை வெட்டிச் சில வாரம் ஓடைநீரில் ஊறவிட்டு நிழலில் உலர்த்தினால், அதிலுள்ள மாச்சத்துக் கரைந்துபோய், உளுக்கும் வண்டு அதிகம் அணுகாது. தானியம் படும் மரத்திலும் மூங்கிலிலும் விஷ மருந்து, பழைய வண்டி எண்ணெய் முதலியன பூசவே கூடாது. பூச்சுக்குச் செம்மண், சாணம், நறுக்கிய சாமைத்தாள் மூன்றையும் சேர்த்து மிதித்து, சில நாள் நீர் தெளித்துப் புளிக்க வையுங்கள். முதற் பூச்சு நன்றாய்க் காய்ந்து வெடிப்பு விட்டபின் அவ்வெடிப்பை அடைத்து இரண்டாம் பூச்சு பூசவேண்டும். அதிகம் வெடித்தால் மண்ணில் களி மிகுதியென்று அறிந்து சிறிது மணல் சேருங்கள். ஸ்ரீரங்கம் கோயிலின் பழங்கட்டிடங்களைப் புதுப்பித்தவர்கள் சிமெண்டை நீக்கிச் சுண்ணாம்புச் சாந்தையே கையாண்டனர். அவ்வேலைக்கு 2017-இல் யுனெஸ்கோ பரிசும் கிடைத்தது. பழைய வேலைக்குப் பழைய சாந்தே பொருந்தும் என்பதில் பெரிய என்ஜினீயர்களுக்கும் இப்போது ஐயமில்லை.

கூரையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை; வேய்தலில் உங்களுக்கு நான் கற்பிக்கத்தக்கது ஒன்றுமில்லை. இறவாரம் சுவரைக் கடந்து இரண்டடி நீட்டியிருக்கட்டும். புல் கிடைக்காமல் தகரமே போட நேர்ந்தால், அதன் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கிற் பாயும் புல்லும் பரப்புங்கள்.

மராமத்து முடிந்ததும் தானியத்தைக் கொட்டிவிடவேண்டாம். பூச்சு முற்றிலும் உலர இரண்டு மூன்று வாரம் செல்லும். விதையையும் காயவைத்து, பல்லில் கடித்தால் ஓசையோடு உடையும் பதத்தில் இடவேண்டும். அப்பதத்தில் ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் இராது. விதையின் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று விவசாய சாஸ்திரிகள் கண்டிருக்கின்றனர். எனவே ஒரு நாள் வெயில் அற்பமானதன்று. மொச்சை, அவரை விதைகளைச் செம்மண் கட்டி அல்லது சாம்பல் கலந்து தனிக்கூடையில் வையுங்கள். சாமைக்கு அது அவசியமில்லை.

சங்கத்தின் பொதுத் தொம்பையாயின் இன்னும் இரண்டு ஏற்பாடு வேண்டும். பூட்டு இரண்டு இருக்கட்டும். ஒரு சாவி தலைவரிடமும் மற்றொன்று விதை தெரிந்த ஒரு பெண் அங்கத்தினரிடமும் இருப்பது நலம். எந்த விதை எப்போது காயவைத்தது என்பது வீட்டுப் பெண்களுக்கே நன்றாய்த் தெரியும். விதைக்கடனைத் தானியமாகவே கொடுத்துத் தானியமாகவே வாங்குங்கள். வள்ளத்திற்குக் கால் வள்ளம் கூடுதலாக வாங்கினால் எலிச்சேதமும் உலர்ச்சியும் ஈடாகும். ரகம் கலவாமல் ஒவ்வொன்றுக்கும் தனி ஏட்டுப் பக்கம் இருக்கட்டும். விதை கொடுக்கும் முன், நூறு மணி எண்ணி ஈரத்துணியில் சுற்றி ஐந்தாறு நாள் வைத்து முளைப்பு எண்ணுங்கள். எழுபத்தைந்துக்குக் குறைந்தால் அதை உணவுக்கு ஒதுக்கிவிடலாம்.

மேலே சொன்ன வீட்டாரின் தொம்பையை மறு வருஷம் ஊரார் நால்வர் சேர்ந்து பிரித்துத் திருத்தினர். சிமெண்டை உடைத்து எடுக்க மூன்று நாள் ஆயிற்று; கால்கள் இரண்டுக்குப் பலாமரம் ஒட்டினோம்; கல்லை நானும் பிடித்தேன். தகரத்தை விற்ற பணம் புல்லுக்கும் கூலிக்கும் சரியாயிற்று. கடன் வாங்கிய விதையைத் திருப்பிக் கொடுத்தபின் மிஞ்சிய சடஞ்சாமையை மூதாட்டியார் அதில் இட்டார். அடுத்த விதைப்புக்கு முன் நூறு மணி எண்ணி முளைகட்டிப் பார்த்தோம், தொண்ணூறு முளைத்தன.