பழைய சைக்கிளை வெட்டலாமா, புது ரிகம்பென்ட் வாங்கலாமா?

ரிகம்பென்ட்னா சாய்ஞ்சு உட்கார்ந்து, காலை முன்னால நீட்டி மிதிக்கிற சைக்கிள். ஈஸி சேருக்கு ரெண்டு சக்கரம் மாட்டின மாதிரி இருக்கும். வீட்டில் சும்மா கிடக்கிற பழைய சைக்கிளை வெட்டி, கொஞ்சம் வெல்டிங் பண்ணினா இது ரெடி என்று சொல்லும் வீடியோக்கள் யூடியூபில் நிறைய இருக்கு. செலவு சில ஆயிரம்தான். புதுசா ஒரு நல்ல வண்டி வாங்கணும்னா லட்சத்தில் பேசணும், அதுவும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரணும். அதுக்கு மேல ஷிப்பிங், கஸ்டம்ஸ். இதைக் கேட்டதும் நம்ம ஆளுங்க எல்லாரும் ஆங்கிள் கிரைண்டரைத் தேடுவாங்க. அதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு விலை?

1933-ல் பாரிஸில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர், ஷார்ல் மோஷே வடிவமைத்த ரிகம்பென்டில் ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ.க்கு மேல் ஓட்டினார். 1914 முதல் யாரும் தொடாத சாதனை அன்னைக்கு உடைஞ்சது. அடுத்த வருஷமே, 1934-ல், சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. "இது ரேஸ் சைக்கிளே இல்லை" என்கிற மாதிரி விதியை மாற்றி ரிகம்பென்டை வெளியே தள்ளியது. ரேஸ் இல்லைன்னா விளம்பரம் இல்லை, பெரிய கம்பெனிகளுக்கு ஆர்வமும் இல்லை. இன்னைக்கு வரைக்கும் இதைச் சின்னச் சின்ன கம்பெனிகள்தான் குறைந்த எண்ணிக்கையில் செய்யறாங்க. விலை இறங்காததுக்கு அது ஒரு முக்கியமான காரணம்.

"கன்வெர்ட்" பண்ணும்போது உண்மையில் என்ன மிச்சம்?

பழைய சைக்கிளிலிருந்து நமக்குக் கிடைக்கிறது பின் சக்கரம், கியர், பிரேக், கிராங்க், பாட்டம் பிராக்கெட் ஷெல். ரிகம்பென்டை ரிகம்பென்டா ஆக்குற நீளமான முதுகெலும்பு, அதாவது மெயின் டியூப், பழைய சைக்கிளில் கிடையாது. அதை நாமதான் டிசைன் பண்ணணும். அதனால "மாத்தலாமா, வாங்கலாமா" என்கிற கேள்வியை "ஃப்ரேமை யார் டிசைன் பண்றது, நானா அவங்களா" என்று கேட்டாத்தான் பதில் கிடைக்கும்.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரை ஞாபகப்படுத்திக்கோங்க. ஓட்டுபவர் எடை 70 கிலோ, சுமார் 700 நியூட்டன். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவே 1.6 மீட்டர். ஆள் நடுவில் உட்கார்றார்னு வச்சுக்கிட்டா, இது ஒரு சாதாரண சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம். நடுவில் பெண்டிங் மொமென்ட் 280 நியூட்டன் மீட்டர்.

சைக்கிள் டியூப் மாதிரியே இருக்கேன்னு 38 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. தடிமன் உள்ள ஒரே ஒரு உருண்டை பைப்பை வச்சா, ஸ்ட்ரெஸ் சுமார் 175 மெகாபாஸ்கல். சாதா மைல்ட் ஸ்டீலின் யீல்ட் 250. பாஸ் மாதிரி தெரியும். ஆனா இது வண்டி சும்மா நிக்கும்போது வர்ற ஸ்ட்ரெஸ். ஒரு குழியில் இறங்கி லோடு ரெண்டு மடங்கு ஆனா 350. பைப் வளைஞ்சிடும்.

அதே இடத்தில் 40-க்கு 40, 2 மி.மீ. தடிமன் சதுர டியூப் போட்டா, நிக்கும்போது 76 மெகாபாஸ்கல்தான். ரெண்டு மடங்கு லோடிலும் சுமார் 153. தாங்கும். விலை என்னன்னா, எடை. அந்த டியூப் மீட்டருக்கு 2.4 கிலோ வரும். முதுகெலும்பு மட்டுமே கிட்டத்தட்ட 4 கிலோ. வீட்டில் செஞ்ச ரிகம்பென்ட் எல்லாம் ஏன் இவ்வளவு கனமா இருக்குன்னு இப்போ புரியும். வெல்டிங் இடத்தில் ஃபடீக் வேற இருக்கு, அதுக்கும் மார்ஜின் விடணும்.

வீடியோவில் சொல்லாத மூணு விஷயம்

முதலாவது ஸ்டீயரிங். 20 இன்ச் முன் சக்கரம், 35 மி.மீ. ஆஃப்செட் உள்ள ஃபோர்க். ஹெட் டியூப் 72 டிகிரியில் இருந்தா டிரெயில் சுமார் 44 மி.மீ. பார்க்க ஸ்டைலா இருக்கட்டும்னு அதை 60 டிகிரிக்குச் சாய்ச்சா, டிரெயில் 104 மி.மீ. ஆயிடும். மெதுவா போகும்போது ஹேண்டில்பார் தானா ஒரு பக்கம் சாயும். வெல்ட் பண்ணின பிறகு இதைத் திருத்த முடியாது, திரும்ப வெட்டணும்.

ரெண்டாவது செயின். ஒரு சாதா செயின் 116 லிங்க், நீளம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. நீளமான ரிகம்பென்டுக்கு இப்படி ரெண்டரை முதல் மூணு செயின் வேணும். நடுவில் ஐட்லர் புல்லியும் வேணும். பழைய டிரெயிலரின் குட்டி ஜாக்கி வீலை இதுக்குப் போடாதீங்க. அது லூஸ் பக்கத்துக்குச் செஞ்சது. நாம மிதிக்கிற முழு இழுவையும் வர்ற மேல் பக்கத்தில் அது நிக்காது.

மூணாவது வேகம். ரிகம்பென்ட் வேகமா போறதுக்குக் காரணம் காற்றுத் தடை குறைவு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில், டிராக் ஏரியா 0.5 சதுர மீட்டர்னா காற்றுக்கு மட்டும் சுமார் 100 வாட் போகும். 0.3 ஆனா 60 வாட் போதும். ஆனா அந்த 0.3 வரணும்னா முதுகு நல்லா சாயணும், கால் உயரத்தில் இருக்கணும். பழைய சைக்கிளை மாத்தி செய்யறதில் பெரும்பாலும் பெடல் கீழே, முதுகு நேரா. நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. சொகுசு கிடைக்கும், வேகம் பெருசா கூடாது.

யாரை உட்கார வைக்கப் போறோம்?

நான் இதை இவ்வளவு தோண்டினதுக்குக் காரணம் எங்க அப்பா. தினமும் கடைக்கு சைக்கிளில் போய் வந்தவர். கழுத்து எலும்பில் தேய்மானம், குனிஞ்சு ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். "நீ இன்ஜினியர்தானே, ஒன்னு செஞ்சு குடேன்"னு அப்பா சிரிச்சுக்கிட்டே கேட்டார். அவர் கேட்டது விளையாட்டுக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும்.

நம்ம வெல்டிங்கில் நாம உட்காரலாம். ஒரு சத்தம் வந்தா எங்கே கிராக் விட்டிருக்குன்னு நமக்குத் தெரியும், உடனே இறங்கிடுவோம். அப்பாவுக்குத் தெரியாது. அவர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் போய்க்கிட்டிருப்பார். இன்னொன்னு: சாதா சைக்கிளில் ஸ்பீட் பிரேக்கர் வந்தா சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்துக்கலாம். ரிகம்பென்டில் எழ முடியாது. மொத்த அடியும் முதுகுக்குத்தான். முதுகு, கழுத்து வலிக்காக இதுக்கு மாறுறவங்களுக்கு நல்ல மெஷ் சீட்டும் முடிஞ்சா பின் சஸ்பென்ஷனும் ஆடம்பரம் இல்லை. அதை நம்ம காலேஜ் வொர்க்‌ஷாப்பில் சரியா செய்யறது கஷ்டம்.

எங்க வீட்டில் முடிவு இதுதான்: அப்பாவுக்கு வாங்குறது. அதுக்கு எனக்கு வேலை கிடைச்சு ஒரு வருஷமாவது ஆகணும். அதுவரை அவருக்கு டவுன் பஸ். எனக்கு மட்டும் ஒன்னு இந்த செமஸ்டரில் செய்யறேன்.

உங்களுக்கு எது?

ஸ்டீல் ஃப்ரேம் சைக்கிள் கையில் இருக்கு, டிஐஜி வெல்டிங் தெரிஞ்ச ஆள் இருக்கார், ஓட்டப் போறது நீங்களே, ஆறு மாசம் ஆனாலும் பரவாயில்லைன்னா தாராளமா செய்யுங்க. அதில் கத்துக்கிறது எந்த மினி புராஜெக்டிலும் கிடைக்காது. அலுமினியம் ஃப்ரேம்னா தொடாதீங்க. வெல்டிங் சூட்டில் அதோட பலம் இறங்கிடும், திரும்ப ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணாம பழைய பலம் வராது.

தினமும் வேலைக்குப் போகணும், வேற யாராவது ஓட்டணும், உடம்புக்காக மாறணும்னா காசு சேர்த்து வாங்குங்க. வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் இருக்கும் நம்பரைப் பாருங்க. 20 இன்ச்னு சொல்றதிலேயே 406, 451 என்று ரெண்டு அளவு இருக்கு. 406 நம்ம ஊர் சின்னப் பசங்க சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். 451-க்கு அலையணும்.

எந்தப் பக்கம் போனாலும் முதலில் அந்த உட்காரும் விதம் உங்களுக்கு ஒத்துவருதான்னு பாருங்க. எஃபிசைக்கிள் போட்டிக்குச் செஞ்ச மூணு சக்கர வண்டி பல காலேஜில் வொர்க்‌ஷாப் பின்னாடி தூசி பிடிச்சு நிக்குது, சீனியர்கிட்ட கேட்டு கேம்பஸுக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டுங்க. அது இல்லைன்னா, ஜிம்மில் சாய்ஞ்சு மிதிக்கிற எக்ஸர்சைஸ் பைக் இருக்கும். அரை மணி நேரம் மிதிச்சுட்டு இறங்கும்போது எங்கே வலிக்குதுன்னு கவனிங்க. செலவில்லாத டெஸ்ட் அதுதான்.