விஷுவல் எபெக்ட்ஸ் படிக்கப் போகிறீர்களா? முதல் வகுப்பு வீட்டிலேயே!

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு கெலவரப்பள்ளியில். அணை நடந்து போகும் தூரம்தான். 2024ல் மகள் பிளஸ் ஒன் முடித்தபோது வீட்டிற்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். பள்ளிக்கூட ப்ராஜெக்ட் செய்யலாம், ரயில் டிக்கெட் எடுக்கலாம் என்பதுதான் என் கணக்கு. சில மாதம் கழித்து ஒரு நாள் இரவு சாப்பிடும்போது, "அப்பா, காலேஜில் நான் விஷுவல் எபெக்ட்ஸ் எடுக்கிறேன்" என்றாள்.

எனக்குத் தெரிந்தது "சினிமாவில் கிராபிக்ஸ்" என்பது மட்டும்தான். கம்ப்யூட்டர் வாங்கிய எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு ஒரு நாள் வரலாம். எனக்கு அப்போது தெரியாமல் போன விஷயங்கள் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்ன படிப்பு இது?

எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த எங்க வீட்டுப் பிள்ளை 1965ல் வந்தது. அந்தக் காலத்து இரட்டை வேடப் படங்களில் லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு முறை எடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பார்கள். இதற்கு மாஸ்க் ஷாட் என்று பெயர். இரண்டு பாதியும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. விஷுவல் எபெக்ட்ஸின் அடிப்படை இன்றும் இதுதான். தனித்தனியாக எடுத்ததை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்த்த இடம் தெரியக் கூடாது.

1994ல் காதலன் படத்தில் தலையும் கையும் இல்லாமல் உடை மட்டும் ஆடியது நினைவிருக்கிறதா? அது கம்ப்யூட்டர் வந்த பிறகு நடந்த மாஸ்க் வேலை. 2010ல் வந்த எந்திரன் படத்தின் விஷுவல் எபெக்ட்ஸுக்காக வி. ஸ்ரீனிவாஸ் மோகன் தேசிய விருது பெற்றார்.

இப்போது இதனுடன் விர்ச்சுவல் ப்ரொடக்ஷன் என்ற பாடமும் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் நடிகரைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்துவிட்டு, பின்னணியைப் பல மாதம் கழித்துச் சேர்ப்பார்கள். விர்ச்சுவல் ப்ரொடக்ஷனில் துணிக்குப் பதிலாக ஒரு பெரிய எல்.இ.டி. சுவர் நிற்கும். பின்னணிக் காட்சி படப்பிடிப்பின் போதே அதில் ஓடும். 2019ல் வந்த தி மாண்டலோரியன் தொடர் இந்த முறையைப் பிரபலமாக்கியது. நம் பக்கத்தில் ஹைதராபாத் அன்னபூர்ணா ஸ்டூடியோவும் சென்னையைச் சேர்ந்த க்யூப் சினிமாவும் சேர்ந்து இப்படி ஒரு தளம் அமைத்திருக்கின்றன.

வீட்டிலேயே ஒரு எல்.இ.டி. சுவர்

இதைப் புரிந்துகொள்ள ஹைதராபாத் போக வேண்டியதில்லை. உங்கள் கம்ப்யூட்டர் மானிட்டரே போதும். என் மகள் எனக்குச் செய்து காட்டியதை அப்படியே தருகிறேன்.

1. அறை விளக்கை அணைத்து விடுங்கள். மானிட்டரின் வெளிச்சத்தை முழுமையாக வையுங்கள். மரமும் மலையும் வானமும் உள்ள ஒரு சாலைப் படத்தைத் திரை முழுவதும் காட்டுங்கள்.

2. மானிட்டருக்கு ஒரு அடி முன்னால் கறுப்புத் துணி விரித்து ஒரு பொம்மை லாரியை வையுங்கள்.

3. மானிட்டரின் ஓரம் தெரியாதபடி போன் கேமராவைச் சரி செய்து, திரையில் லாரியைத் தொட்டு போகஸ் செய்யுங்கள். பின்னணி சற்று மங்கலாக வேண்டும். இல்லாவிட்டால் அலை அலையாகக் கோடுகள் விழும். பெரிய ஸ்டூடியோக்களிலும் இந்தத் தொல்லை உண்டு.

4. லாரியின் ஓரத்தைப் பாருங்கள். படத்தில் உள்ள வானத்தின் வெளிச்சம் அதன் மீது விழுந்திருக்கும். எல்.இ.டி. சுவரின் முதல் லாபம் இதுதான். பச்சைத் துணியாக இருந்தால் லாரி மேல் பச்சை நிறம் படியும். அதைத் துடைப்பதே தனி வேலை.

5. இப்போது போனை மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். அருகிலுள்ள மரமும் தூரத்து மலையும் ஒரே மாதிரி நகரும். பின்னணி வெறும் போஸ்டர் என்று தெரிந்துவிடும்.

பஸ் ஜன்னலில் பார்த்தால் பக்கத்து மரம் வேகமாக ஓடும், தூரத்து மலை நின்றபடியே இருக்கும் அல்லவா? இந்த வித்தியாசத்தைத் திரையில் கொண்டு வரத்தான் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது. கேமரா எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கருவிகள் அளந்துகொண்டே இருக்கும். அன்ரியல் எஞ்சின் போன்ற வீடியோ கேம் சாப்ட்வேர் அதற்கேற்பச் சுவரில் உள்ள காட்சியைத் திரும்பத் திரும்ப வரையும். கேம் செய்யப் பயன்பட்ட சாப்ட்வேர் சினிமாவுக்குள் வந்த கதை இதுதான்.

என்ன கம்ப்யூட்டர் வேண்டும்?

எங்கள் கம்ப்யூட்டரில் அப்போது 8 ஜிபி ராம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. லட்ச ரூபாய்க்கு வேறு வாங்க வேண்டுமோ என்று பயந்தேன். ஆரம்பப் பயிற்சிக்கு இது போதும். பிறகு 16 ஜிபி ஆக்கியதும் வேலை எளிதானது.

அவள் கற்றுக்கொண்ட சாப்ட்வேர் பிளெண்டர். முற்றிலும் இலவசம். முப்பரிமாண உருவம் செய்யலாம், வீடியோவில் அதைச் சேர்க்கலாம். இலவசம்தானே என்று குறைவாக நினைக்க வேண்டாம். லாட்வியா நாட்டிலிருந்து வந்த ப்ளோ என்ற படம் பிளெண்டரில்தான் செய்யப்பட்டது. 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்திற்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிடைத்தது. எடிட்டிங் செய்ய டாவின்சி ரிசால்வ் சாப்ட்வேரின் இலவசப் பதிப்பு இருக்கிறது.

ஒரு கணக்கை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ப்ரேம்கள். பத்து விநாடிக் காட்சிக்கு 240. ஒரு ப்ரேமை ரெண்டர் செய்ய மூன்று நிமிடம் ஆனால், பத்து விநாடிக்கு 12 மணி நேரம்! நடுவில் கரண்ட் போனால்? வீடியோ பைலாக ரெண்டர் செய்தால் அத்தனையும் வீணாகிவிடும். எனவே ஒவ்வொரு ப்ரேமையும் தனித்தனிப் பட பைலாகச் சேமிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இது எங்களுக்கு இரண்டு இரவுகள் வீணான பிறகு தெரிந்த பாடம்.

நுரையை நீக்கிய கதை

பெங்களூரு பக்கம் நல்ல மழை பெய்தால் எங்கள் அணைக்குத் தண்ணீருடன் நுரையும் வரும். தென்பெண்ணையில் கலந்து வரும் கழிவுகள்தான் காரணம். ஷட்டர் திறந்தால் ஆற்றில் வெள்ளை வெள்ளையாக மலை போல மிதக்கும்.

மகள் ஒரு நாள் போனை ஸ்டாண்டில் வைத்து எட்டு விநாடி எடுத்தாள். விநாடிக்கு 30 வீதம் 240 ப்ரேம். அதிலிருந்து நுரையை நீக்கி ஆற்றைச் சுத்தமாகக் காட்ட வேண்டும் என்று அவளே பரீட்சை வைத்துக்கொண்டாள். நுரை இல்லாத நாளில் அதே இடத்தில் மீண்டும் எடுத்தாள். ஆனால் வெயில் வேறு, நீர்மட்டம் வேறு. இரண்டும் ஒட்டவில்லை. அதே நேரத்தில், அதே கோணத்தில் எடுக்க நான்கு முறை போய் வந்தாள். பிறகு ஒவ்வொரு ப்ரேமிலும் நுரையின் ஓரத்தை வரைந்து மாற்றினாள். மூன்று வாரம் ஆனது.

என்னிடம் காட்டினாள். என் வேலை மைக்ரோமீட்டரும் கையுமாகக் குறை கண்டுபிடிப்பது. "பாறைக்குப் பக்கத்தில் ஓரம் துடிக்கிறதே" என்றேன். முகம் வாடியது. ஆனால் எழுந்து போகாமல் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மறுநாள் இரவு பதினொரு மணி வரை அதைத் திருத்தினாள். படிக்க வைக்கலாம் என்று நான் முடிவு செய்தது அன்றுதான். எத்தனை சாப்ட்வேர் தெரியும் என்பதை விட, குறை சொன்ன பிறகும் உட்கார்ந்து திருத்துகிறாளா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. என் தொழிலிலும் அப்படித்தான் ஆட்கள் தேறுகிறார்கள்.

பயமுறுத்தும் செய்தியும் உண்டு

உண்மையை மறைக்கக் கூடாது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற உலகப் புகழ்பெற்ற நிறுவனம் நிதி நெருக்கடியில் மூடியது. 1915ல் தொடங்கிய பெயர். பெங்களூரிலும் அதற்குப் பெரிய ஸ்டூடியோ இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இதைக் கம்பெனி பஸ்ஸில் பேப்பரில் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இது முதல் முறையும் அல்ல. புதுச்சேரியில் கதை தொடங்கும் லைப் ஆப் பை படத்துப் புலிக்காக 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் கிடைத்தது. அதே மாதம்தான் அந்தப் புலியைச் செய்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

இன்னொன்று. புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ரோட்டோ எனப்படும் ஓரம் வரையும் வேலை. இதை இப்போது ஏ.ஐ. கருவிகள் பாதி செய்துவிடுகின்றன. எனவே ஒரு சாப்ட்வேரின் பட்டன்களை மட்டும் கற்றுத் தரும் படிப்பு சில ஆண்டுகளில் பயனற்றுப் போகலாம். ஓவியம், போட்டோகிராபி, ஒளி, நிறம், எடிட்டிங், கொஞ்சம் பைத்தான் ப்ரோக்ராமிங் ஆகியவை சேர்ந்த படிப்பு என்றால் சாப்ட்வேர் மாறினாலும் கை கொடுக்கும். விளம்பரம், கேம், கட்டட வரைபடம், தொழிற்சாலை மாடல் என்று வேறு வழிகளும் திறந்திருக்கும்.

எங்கே படிக்கலாம்?

சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1945ல் தொடங்கியது. அங்கே அனிமேஷன் மற்றும் விஷுவல் எபெக்ட்ஸ் நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பாக உள்ளது. பட்டம் வழங்குவது தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். சென்னையிலும், எங்களுக்குப் பக்கத்தில் பெங்களூரிலும் தனியார் கல்லூரிகள் நிறைய உள்ளன.

ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் நான் அவசரப்பட்டு ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கட்டினேன். "நூறு சதவீதம் வேலை" என்றார்கள். மகள் உள்ளே போய்ப் பார்த்தபோது, எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஒரே மாணவர் செய்த படம்தான் ஓடியது. பணம் திரும்பி வரவில்லை. அதன் பிறகு எங்கே போனாலும் நான்கு கேள்விகள் கேட்டோம்:

1. கிடைப்பது பல்கலைக்கழகப் பட்டமா, நிலையத்தின் சான்றிதழா?

2. சென்ற ஆண்டு மாணவர்கள் செய்த படங்களைக் காட்டுவீர்களா? ஒவ்வொன்றிலும் யார் எந்த வேலையைச் செய்தார்?

3. எல்.இ.டி. சுவர் இருந்தால், ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்? விளம்பரத்தில் மட்டும் இருக்கிறதா?

4. முதல் ஆண்டில் பென்சிலும் கேமராவும் உண்டா?

மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் பதில் வரவில்லை. நேராகப் பதில் சொன்ன ஒரு கல்லூரியில் 2025 ஜூலையில் மகள் சேர்ந்தாள். விண்ணப்பத்துடன் அவள் கொடுத்தது அந்த எட்டு விநாடி ஆற்றுக் காட்சியைத்தான்.

அதைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் போனில் காட்டினாள். "நுரை போயிடுச்சா கண்ணு?" என்று பாட்டி ஆவலாகக் கேட்டார். "கம்ப்யூட்டரில் மட்டும்தான் பாட்டி" என்றாள் மகள்.

நீங்களும் கட்டணம் கட்டும் முன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு மாதம் ஒதுக்குங்கள். பத்து விநாடிக் காட்சி ஒன்றைப் பிள்ளைகள் தாங்களே எடுத்து முடிக்கட்டும். பிறகு அதில் ஒரு குறை சொல்லிப் பாருங்கள். மறுநாளும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால், தைரியமாக விண்ணப்பம் வாங்கலாம்.