வேலி தாண்டும் காவல் நாய்: தடுப்பது எப்படி?

தோட்டத்தைச் சுற்றி வேலி, வேலிக்குள் ஒரு நாய் என்பது நம் விவசாயிகளின் பழைய ஏற்பாடு. வேலி ஆடு மாடுகளைத் தடுக்கும். நாய் திருடனையும், கீரி, பெருச்சாளி போன்றவற்றையும் விரட்டும். ஆனால் காவலுக்கு வைத்த நாயே வேலியைத் தாண்டி ஊர் சுற்றப் போனால் என்ன செய்வது? விலை கொடுத்து வாங்கி, பால் ஊற்றி வளர்த்த நல்ல சாதி நாய்களிடம்தான் இந்தப் பழக்கம் அதிகம். சுறுசுறுப்பும் புத்தியும் உள்ள நாய் சும்மா படுத்திருக்காது.

திருவாலங்காடு ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தொலைவில் 3 ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு விவசாயியின் அனுபவம் இது. ராஜபாளையம் கலப்பில் பிறந்த ஆண் நாய் ஒன்றைக் குட்டியிலிருந்து வளர்த்தார். தோப்பின் கம்பி வேலி 4 அடி. ஒரு வயதில் நாய் அதைத் தாண்டியது. இன்னும் ஒரு வரிசைக் கம்பி கட்டினார். ஒரு வாரம் அடங்கியிருந்து, அதையும் தாண்டியது. ஐந்தரை அடிக்கு உயர்த்தினார். நாய் பத்தடி பின்னால் போய், ஓடிவந்து தாண்டக் கற்றுக்கொண்டது. மேலே முள்கம்பி போட்டார். வயிற்றில் கீறலுடன் வீடு வந்த நாய், மறுவாரம் வாய்க்கால் நுழையும் இடத்தில் மண்ணைப் பறித்துக்கொண்டு வெளியேறியது.

அன்று இரவு பக்கத்துக் கொல்லையில் இரண்டு ஆட்டுக்குட்டிகள் கடிபட்டன. ஒன்று பிழைக்கவில்லை. ஈட்டுத்தொகையைக் கொடுத்தபோது ஆட்டுக்காரர் சொன்னார்: "அண்ணே, இந்தத் தடவை உங்க முகத்துக்காக விடறேன். அடுத்த தடவை வந்தா நாய் திரும்பிப் போகாது." இருபது வருடப் பழக்கம் ஒரு நாயால் முறியும் நிலை வந்துவிட்டது.

அபாயம் இது ஒன்றோடு நிற்பதில்லை. திருவாலங்காடு சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் உள்ள ஊர். இருப்புப்பாதையில் ஓடும் நாய் தப்புவது அரிது. அரவைப் பருவத்தில் இங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் வரும். பாரம் ஏற்றிய வண்டியைச் சட்டென்று நிறுத்த முடியாது. இருசக்கர வாகனத்தில் வருபவரின் குறுக்கே நாய் பாய்ந்தால் மனித உயிருக்கே ஆபத்து. வளர்ப்பு மிருகத்தால் பிறர் உயிருக்கு அபாயமோ பலத்த காயமோ நேரக்கூடிய விதத்தில் கவனக்குறைவாக இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி குற்றமாகும். இதற்கு 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நாய் எப்படிக் கற்றுக்கொள்கிறது?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்த லாயிட் மார்கன் என்ற பேராசிரியரிடம் டோனி என்றொரு நாய் இருந்தது. அது தோட்டத்துக் கம்பிக் கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே போகும். பார்த்தவர்கள் எல்லாரும் நாயின் அறிவை மெச்சினார்கள். மார்கன் மட்டும் ஆரம்பத்திலிருந்தே கவனித்து வந்தார். நாய் வெளியே வேடிக்கை பார்க்கக் கம்பிகளுக்கிடையே தலையை நுழைப்பது வழக்கம். ஒருநாள் தற்செயலாகத் தலை தாழ்ப்பாளின் அடியில் பட்டு அது மேலே தூக்கியது, கதவு திறந்தது. அதன் பிறகும் பல தடவை தடவித் தடவித்தான் திறந்தது. தடுமாறாமல் நேரே போய்த் திறக்க ஏறக்குறைய 3 வாரம் ஆயிற்று. 1894இல் வெளிவந்த தம் நூலில் மார்கன் இதை எழுதியிருக்கிறார்.

1898இல் அமெரிக்காவில் தார்ன்டைக் என்பவர் பூனைகளையும் நாய்களையும் தாழ்ப்பாளிட்ட பெட்டிகளில் அடைத்து, வெளியே தீனி வைத்துச் சோதித்தார். முதலில் நெடுநேரம் முட்டி மோதிய பிராணிகள், தற்செயலாக ஒருதரம் வெளியே வந்த பிறகு, தடவைக்குத் தடவை குறைந்த நேரத்தில் திறந்தன.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். நாயின் முயற்சி பலிக்கும் ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு பாடம். வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவது, நாய்க்குப் படிப்படியாகத் தாண்டப் பயிற்சி கொடுப்பதற்குச் சமம். நான்கடி தாண்டிய நாய்க்கு நாலரை அடி பெரிய காரியமில்லை. முதல் நாளிலேயே ஆறடி வேலியைப் பார்த்த நாய் பெரும்பாலும் முயற்சி செய்வதில்லை. ஆகவே வேலியைச் செய்வதானால் ஒரே தடவையில் முழுமையாகச் செய்ய வேண்டும். அதுவரை நாயை அவிழ்த்துவிடக் கூடாது.

ஏன் போகிறது?

வேலியைத் தொடுமுன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆண் நாய் பெரும்பாலும் பருவத்துக்கு வந்த பெட்டையைத் தேடிப் போகிறது. பெட்டை நாய் சாதாரணமாக ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு தடவையும் சுமார் 3 வாரம் நீடிக்கும். அந்த வாசனை தொலைவிலுள்ள ஆண் நாய்களையும் இழுக்கும். சந்ததி தேவையில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கொண்டு கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுவதே நல்லது. பல ஆண் நாய்களின் ஊர் சுற்றும் பழக்கம் இதனால் குறைகிறது. காவல் குணம் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். பெட்டை நாய் வைத்திருப்பவர்கள் அந்த 3 வாரமும் வேலியை நம்பாமல் கதவுள்ள அறையில் அடைத்து வைக்க வேண்டும். ஏனென்றால் அப்போது வெளியிலிருந்தும் வேலி தாண்டி வருவார்கள் விருந்தாளிகள்!

இரண்டாவது காரணம் வேட்டைக் குணம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஆகியவை வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டு வந்த இனங்கள். கண்ணெதிரே முயல் ஓடினால் நிற்காது. இந்த நாட்டு இனங்களைக் காப்பதற்காக 1980-81இல் சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறை நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. இத்தகைய குட்டிகளை வாங்குவோர் முதலில் வேலியைப் போட்டுவிட்டுப் பிறகு குட்டி வாங்க வேண்டும்.

மூன்றாவது காரணம் சும்மா இருப்பது. பகல் முழுதும் சங்கிலியில் கிடந்த நாயை இரவில் அவிழ்த்தால் அது காவலா காக்கும்? ஊரைச் சுற்றத்தான் ஓடும். நான்காவது பயம். தீபாவளி வெடிச் சத்தத்திலும் இடியிலும் மிரண்டு ஓடும் நாய் எந்த வேலியையும் பார்க்காது. அன்றைய தினம் அறைக்குள் வைப்பதே வழி.

மேலே தாண்டும் நாய்க்கு

வேட்டை இன நாய்களுக்குக் கம்பி வலை வேலி 6 அடிக்குக் குறையக் கூடாது. கல்கால்களை 8 முதல் 10 அடிக்கு ஒன்றாக, ஒன்றரை முதல் 2 அடி ஆழத்தில் நட வேண்டும். சாய்சதுரக் கண் வலையில் நாய் கால் விரலை ஊன்றி ஏணிபோல் ஏறிவிடும். உள்பக்கம் 3 அடி உயரத்துக்குப் பச்சை நிழல்வலையைத் தைத்துவிட்டால் கால் வைக்க இடம் கிடைக்காது. வெளியே போகும் ஆடும் கோழியும் கண்ணில் படாது. பாய வேண்டும் என்ற எண்ணமும் குறையும்.

உச்சியில் இரும்புக் கோணத்தை உள்நோக்கிச் சாய்வாகப் பொருத்தி ஒன்றரை அடி அகலத்துக்கு வலை கட்டலாம். அதைவிடச் செலவு குறைந்த முறை ஒன்று உண்டு. மேல்கம்பியில் 4 அங்குலப் பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கோத்துவிட வேண்டும். நாய் முன்னங்காலால் பற்றியதும் குழாய் உருளும். பிடி நழுவி உள்ளேயே இறங்கிவிடும். நாய்க்குக் காயமும் இல்லை. முள்கம்பியால் நாய் நிற்காது. வயிறு கிழிந்து, புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும்.

வேலிக்குப் பக்கத்தில் தண்ணீர்த்தொட்டி, வைக்கோல் போர், எருக்குவியல், அடுக்கிய செங்கல் எதுவும் இருக்கக் கூடாது. மூன்றடித் தொட்டிமேல் ஏறி நிற்கும் நாய்க்கு ஆறடி வேலி மூன்றடி வேலிதான்.

அடியில் தோண்டும் நாய்க்கு

நாய் எப்போதும் வேலி தரையைத் தொடும் இடத்தில்தான் தோண்டும். இரண்டடி பின்னால் தள்ளி நின்று தோண்டினால் போகலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. ஆகவே வேலியின் அடியில் 2 அடி அகல வலையை உள்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து, வேலியோடு சேர்த்துக் கம்பியால் கட்டி, மேலே கல்லும் மண்ணும் போட்டுவிட வேண்டும். ஓரிரு மழையில் புல் முளைத்து மூடிக்கொள்ளும். உடைந்த கடப்பைக் கல் கிடைத்தால் ஓரடி ஆழத்துக்குச் செங்குத்தாகப் பதிப்பதும் நல்லதே.

வாய்க்கால் நுழையும் இடம்தான் பலர் மறந்துவிடும் ஓட்டை. அங்கே மேலே கீல் வைத்து ஆடும் இரும்புக் கிராதி போட்டால் தண்ணீரும் சருகும் போகும், நாய் போகாது. கிராதியை உள்ளிருந்து தள்ளித் திறக்க முடியாதபடி தடுப்புக் கல் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலியோர மண் அரித்துவிடும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்ப்பது அவசியம். ஆஸ்திரேலியாவில் டிங்கோ என்னும் காட்டு நாய்களிடமிருந்து ஆடுகளைக் காக்க 5,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான வேலி இருக்கிறது. அதற்கும் ஆள் போட்டு, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

சித்திரை வெயிலில் குளிர்ந்த மண்ணுக்காகவும் நாய் தோண்டும். மரநிழலில் ஈரமணல் குழி ஒன்று அமைத்துக் கொடுத்தால் வேலியடியை விட்டுவிடும்.

கதவு

மேலே தூக்கும் கொண்டியை மூக்கால் தள்ளித் திறக்க நாய்க்கு அதிக நாள் ஆகாது. டோனியின் கதை நினைவிருக்கட்டும். தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்து, ஒரு வளையக் கொக்கியும் மாட்டிவிட வேண்டும். கதவு உள்நோக்கித் திறப்பதாக இருந்தால், நாய் தள்ளத் தள்ள அது இறுகவே செய்யும். கதவின் அடியில் 2 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. ஆட்கள் அடிக்கடி வந்து போகும் தோட்டமானால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் வைப்பது நல்லது. ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும்.

உயிர்வேலி போதுமா?

கிளுவை, கலாக்காய், கொடுக்காப்புளி வேலிகள் நல்லவையே. ஆனால் அடர்த்தியாக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அடிப்பாகம் பெரும்பாலும் வெறிச்சென்றே இருக்கும். அடியில் இரண்டடி வலை இல்லாத உயிர்வேலி நாயை நிறுத்தாது. சீமைக் கருவேலை வேலியாக வளர்க்க வேண்டாம்.

எக்காரணம் கொண்டும் மின்கம்பத்திலிருந்தோ பம்புசெட்டிலிருந்தோ வேலிக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்கக் கூடாது. அது குற்றம். நாயை மட்டுமல்ல, தண்ணீர் பாய்ச்ச வரும் ஆளையும், நம் வீட்டுக் குழந்தையையும் கொன்றுவிடும்.

செலவைக் குறைக்க

மூன்று ஏக்கரையும் இப்படி அடைக்க யாரால் முடியும் என்று கேட்கலாம். தேவையில்லை. சதுரமான 3 ஏக்கர் நிலத்தின் சுற்றளவு சுமார் 1,450 அடி. அதற்குள்ளே வீட்டையும் களத்தையும் சேர்த்து 10 சென்ட் இடத்தை மட்டும் அடைத்தால் சுமார் 264 அடிதான். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆள் இல்லாத நேரமெல்லாம் நாய் இந்த அடைப்புக்குள் இருக்கட்டும். நாம் தோப்பில் இருக்கும்போது கூடவே அழைத்துப் போகலாம்.

சங்கிலியே போதும் என்று நினைக்க வேண்டாம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடுக்காமல் இருப்பது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சிறிது நேரம் கட்டவேண்டி வந்தால் வேலியை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். சங்கிலியோடு வேலியைத் தாண்டி மறுபக்கம் தொங்கி இறந்த நாய்கள் உண்டு.

திரும்பி வந்தால் அடிக்காதீர்கள்

பலரும் செய்யும் பெருந்தவறு இது. இரவு ஓடிய நாய் காலையில் வந்ததும் தடியால் அடிக்கிறோம். ஓடியதற்கு அடி என்று நாய்க்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததற்கு அடி என்றே அது எடுத்துக்கொள்ளும். அடுத்த தடவை கூப்பிட்டாலும் வராது. கோபத்தை அடக்கிக்கொண்டு தீனி வைத்துக் கட்டிவிட்டு, எந்த ஓட்டை வழியே போனது என்று பார்த்து அன்றே அடையுங்கள். காலையும் மாலையும் அரை மணி நேரம் கயிற்றில் பிடித்து நடத்தி, பெயர் சொல்லி அழைத்து வரும்போதெல்லாம் ஒரு கவளம் கொடுத்துப் பழக்குங்கள். புது நாயானால் இரண்டு வாரமாவது வேலியோரமாகவே நடத்தி எல்லையைக் காட்டுங்கள்.

எவ்வளவு செய்தாலும் ஒருநாள் தப்பிவிடலாம். ஆகவே கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் பொறித்த வில்லை இருக்கட்டும். மூன்று மாதக் குட்டியிலேயே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்கி ஆண்டுதோறும் போட வேண்டும். யாரையாவது கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயானாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

மாந்தோப்புக்காரர் கடைசியில் வெளிவேலியை உயர்த்துவதை நிறுத்தினார். வீட்டைச் சுற்றி ஆறடி அடைப்புப் போட்டு, அடியில் வலை விரித்து, நாய்க்குக் கருத்தடையும் செய்தார். அதிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது நாய் அவருடன் தோப்பைச் சுற்றி வருகிறது. பக்கத்துக் கொல்லையில் ஆடுகள் மேய்கின்றன. ஆட்டுக்காரரும் இப்போது வேலியோரம் நின்று பேசிவிட்டுப் போகிறார். குட்டி வாங்கியபோதே இதைச் செய்திருந்தால் மூன்று தடவை கம்பி வாங்கிய செலவும், ஆட்டுக்குட்டிக்குக் கொடுத்த பணமும் மிச்சமாகியிருக்கும் என்கிறார் அவர்.