மாயக் கதைகளைப் படிக்கத் தொடங்குவோர்க்கு

மாயக் கதைகள் சிறுவர்க்கே உரியன என்று இளமையில் ஒதுக்கிவிட்டு, பின்னர் அவற்றைப் படிக்க விழைவோர்க்கு எழும் முதல் ஐயம், எந்நூலிலிருந்து தொடங்குவது என்பதே. பெரியதொரு நூலைக் கையிலெடுத்து இடையிற் சோர்ந்து மூடிவிட்டால், இத்துறையின் மீதே வெறுப்புண்டாகிவிடும்.

ஆதலின், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொல்கீன் 1937இல் வெளியிட்ட ‘ஹொபிற்’ என்னும் சிறு நவீனத்தை முதலிற் படித்தல் நன்று. அதனைச் சுவைத்தோர்க்கு, 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்த ‘மோதிரங்களின் தலைவன்’ மலைப்பைத் தராது. பேராற்றல் தரும் மோதிரமொன்றை அழித்தொழிக்கவே ஓர் எளியவன் நெடும்பயணம் செல்வது அதன் கதை.

டொல்கீனின் நண்பர் சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை வெளியிட்ட ஏழு நார்னியா நூல்கள், குடும்பத்தினர் கூடியிருந்து வாசிக்கத்தக்கவை.

மாணவர் தவறாது படிக்க வேண்டியது, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட ‘ஏர்த்சீ மந்திரவாதி’. செருக்கினால் ஒரு தீய நிழலை உலகில் ஏவிவிடும் இளைஞன், முதலில் அதற்கஞ்சி ஓடுகிறான்; ஈற்றில் அதனைத் தானே துரத்திச் சென்று எதிர்கொள்கிறான். அந்நிழலை அவன் எப்பெயர் சொல்லி அழைக்கிறான் என்பதை நூலிற் கண்டறிக. அஃதொன்றே, இவ்வகைக் கதைகள் சிறுவர்க்கு மட்டும் உரியனவல்ல என்பதற்குப் போதிய சான்றாகும்.